எஸ்டிமேட்டில் ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் சேலம் அம்மாபேட்டையில் குடியிருக்கும் பிளம்பர். அப்பா தறி நெய்தவர். எனக்குத் தறிக்குழியில் உட்காரப் பொறுமை போதாது என்று, 17 வயதில் செவ்வாய்ப்பேட்டை பைப் கடைக்காரர் ஒருவரைப் பிடித்து ஒரு மேஸ்திரியிடம் கையாளாகச் சேர்த்துவிட்டார். இப்போது எனக்கு 54. உங்கள் பத்திரிகையைத் தினமும் டீக்கடையில் படிக்கிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு எஸ்டிமேட் கணக்கு வரும், அதை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

தொட்டிக்குள் இறங்கியவர் விஷவாயு தாக்கிப் பலி, காப்பாற்றப் போனவரும் பலி. இந்தச் செய்தி எல்லாப் பத்திரிகையிலும் வருகிறது. ஊர் பெயர் மாறும், வயது மாறும், மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். ஏதோ உள்ளே பாம்பு மாதிரி ஒளிந்திருந்த வாயு பாய்ந்து தாக்கியது போலப் படித்துவிட்டு அடுத்த பக்கம் திருப்பிவிடுகிறோம். என்னை மாதிரி தொழில்காரனுக்குத் தெரிய வேண்டியது வேறு. மூடியைத் திறந்து எவ்வளவு நேரம் ஆகியிருந்தது? உள்ளே கான்கிரீட்டைத் தாங்கப் போட்ட சென்ட்ரிங் பலகை இருந்ததா? இறங்கியவர் இடுப்பில் கயிறு இருந்ததா? மேலே யார் நின்றார்கள்? இதில் ஒன்றும் செய்தியில் இருப்பதில்லை.

எனக்கும் இதெல்லாம் முன்பு தெரியாது. தெரிந்துகொண்ட கதையைச் சொல்கிறேன்.

நான்கு வருடம் முன்பு, கொண்டலாம்பட்டி தாண்டி ஒரு புது வீடு. நம் ஊரில் காவிரித் தண்ணீர் வருகிற அன்றைக்குப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதால், வீடு கட்டுகிறவர்கள் முதலில் தோண்டுவதே சம்ப்பு என்கிற தரையடித் தண்ணீர்த் தொட்டிதான். இந்த வீட்டுக்காரர் தாராளமாக ஒன்பது அடி ஆழத்துக்குப் போட்டிருந்தார். மேல் கான்கிரீட் போட்டாகிவிட்டது. இரண்டுக்கு இரண்டடியில் ஒரே ஒரு வாய். அதற்குள் ஆடிப் பண்டிகை வந்து மேஸ்திரி ஆட்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். வாயின் மேல் ஒரு பலகையைப் போட்டு, அதன் மேல் சிமென்ட் சாக்கை விரித்து, இருபது நாள் அப்படியே கிடந்தது. உள்ளே சென்ட்ரிங் பலகையும் சவுக்குக் கட்டையும் பிரிக்காமல் நின்றன. கணுக்கால் அளவு தண்ணீர்.

எங்கள் வேலை மோட்டார் உறிஞ்சு பைப் இறக்கி ஃபுட் வால்வு மாட்டுவது. ஒரு மணி நேர வேலை. என் தங்கை மகன்தான் எனக்குக் கையாள், அப்போது 23 வயது. பலகையை நகர்த்தினோம், எட்டிப் பார்த்தோம். "மாமா, நாத்தமே இல்ல, நல்லாத்தான் இருக்கு" என்றான். எனக்கும் அப்படித்தான் பட்டது. மூங்கில் ஏணியை விட்டு இறங்கினான். அடிப்படிக்குப் போனதும் "மாமா, லைட்டு குடுங்க" என்றான். நான் திரும்பி எமர்ஜென்சி லைட்டை எடுத்துக்கொண்டு வருவதற்குள் இன்னொரு தடவை "லைட்..." என்றான். அந்தக் குரல் சரியில்லை. குனிந்து பார்த்தால் ஏணிப்படியில் தாடையை வைத்துக்கொண்டு தூங்குகிற மாதிரி நிற்கிறான். ஒரு கை படிக்கு உள்பக்கமாகப் போய் மாட்டிக்கொண்டிருந்தது. அது மாட்டாமல் இருந்திருந்தால் தண்ணீரில் முகம் குப்புற விழுந்திருப்பான்.

நான் ஒரு காலை உள்ளே விட்டுவிட்டேன். யோசித்து வைத்த கால் இல்லை, அதுவாகப் போனது. பின்னாலிருந்து யாரோ சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார்கள். செங்கல் சுமந்துகொண்டிருந்த சித்தாள் அம்மா. "ஏனுங்க, நீங்களும் போறீங்களா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். அப்புறம் நானும் இரண்டு கொத்தனார்களும் தரையில் குப்புறப் படுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை விட்டு, மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினோம். கான்கிரீட் விளிம்பில் உரசி அவன் தோளில் தோல் வழண்டு போனது. வெளியே கிடத்தி முகத்தில் தண்ணீர் அடித்தோம். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, "லைட்டு எங்க மாமா?" என்றான். நடுவில் ஒன்று நடந்ததே அவனுக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதைக் கேட்டபோதுதான் எனக்குக் கால் நடுங்க ஆரம்பித்தது. அங்கே விஷவாயு தேவையே இல்லை, உள்ளே போதுமான ஆக்சிஜன் இல்லை என்றார். வெளிக்காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம் இருக்கிறது. 19.5-க்குக் கீழே போனாலே அந்த இடத்தில் ஆள் இறங்கக்கூடாது என்பது தொழிற்சாலைக் கணக்கு. ஈரப் பலகையும் கட்டையும் மூடிக் கிடந்தால் மக்கிப் பூஞ்சை பிடிக்கும், அது உள்ளே இருக்கிற ஆக்சிஜனைத் தின்றுவிட்டுக் கரியமில வாயுவை விடும். இதற்கு அழுகின வாடை எதுவும் வர வேண்டியதில்லை. மூச்சு முட்டினால் மேலே ஏறி வந்துவிடலாம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். ரொம்பவும் குறைந்துபோன இடத்தில் அந்த அவகாசமே கிடையாது. இரண்டு மூன்று மூச்சில் நினைவு போய்க் கால் மடங்கிவிடும்.

செப்டிக் டேங்க் விவகாரம் வேறு. அங்கே ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷவாயு இருக்கும், அழுகிய முட்டை வாடை அடிக்கும். காற்றைவிடக் கனம் என்பதால் அடியில் தங்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. "இப்போ நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்" என்று சொல்லும் ஆட்களை நானே பார்த்திருக்கிறேன். அப்போதுதான் இறங்கவே கூடாது.

பெரியவர்கள் கிணறு தூர்வாரும்போது அரிக்கேன் விளக்கை இறக்கிப் பார்ப்பார்கள். அணைந்தால் இறங்க மாட்டார்கள். அந்தக் காலத்துக்கு அது நல்ல புத்திதான். ஆனால் விளக்கு அணைகிற அளவுக்கு வருமுன்பே மனிதனுக்கு ஆபத்து தொடங்கிவிடும். ஹைட்ரஜன் சல்ஃபைடையும், இன்ஜின் புகையிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடையும் விளக்கு காட்டிக்கொடுக்காது. செப்டிக் டேங்கில் மீத்தேன் இருந்தால் தீயே பிடித்துக்கொள்ளும். தண்ணீரை இறைக்க பெட்ரோல் இன்ஜினைச் சம்ப்புக்குள் இறக்கி ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அது மேலே வாய் ஓரத்தில் நின்றாலே போதும், புகை உள்ளே இறங்கும்.

என் சம்பந்தி மேட்டூர் பக்கம் ஒரு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நடந்ததைச் சொன்னேன். "எங்க ஆலையில டேங்குக்குள்ள ஒருத்தன் தலைய நீட்டணும்னாலும் பெர்மிட் எழுதணும் சம்பந்தி. மீட்டர் வெச்சுப் பார்த்து, கையெழுத்துப் போட்டு, மேல ஒரு ஆள நிறுத்தின பிறகுதான்" என்றார். அந்த மேல் ஆளுக்கு வேறு வேலை கிடையாதாம். டீ வாங்கப் போகக்கூடாது, பைப் அறுத்துக் கொடுக்கக்கூடாது. முக்கியமாக, என்ன நடந்தாலும் உள்ளே இறங்கக்கூடாது. காப்பாற்றப் போனவரும் பலி என்று நீங்கள் போடுகிற செய்தி அந்த ஒரு விதியால் பாதிக்குப் பாதி குறையும் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் ஒரு காலை உள்ளே விட்டவன், அதனால் சொல்கிறேன்.

சரி, ஆலையில் நடக்கிறது. மூன்று பேர் வைத்து வேலை செய்கிற நான் என்ன பண்ணுவது? 1996-ல் வந்த கட்டடத் தொழிலாளர் சட்டமே பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கிற இடத்தைத்தான் கணக்கில் எடுத்தது. ஒரு மேஸ்திரியும் இரண்டு கையாளும் போகிற வீட்டுக்கு எந்த அதிகாரியும் வந்து பார்க்கப் போவதில்லை. நாங்களே பார்த்துக்கொண்டால்தான் உண்டு. அதற்குக் காசு ஆகும். இந்தக் கடிதமே அந்தக் காசைப் பற்றியதுதான்.

நானும் இன்னும் இரண்டு பிளம்பர்களும் சேர்ந்து, நான்கு வாயு பார்க்கிற மீட்டர் ஒன்று வாங்கினோம். பதினெட்டாயிரம் ஆனது. வாங்கினால் முடிந்துவிட்டது என்று நினைத்தோம். அதை அவ்வப்போது சரிபார்க்கக் கொடுக்க வேண்டும், இரண்டு மூன்று வருடத்தில் சென்சார் மாற்ற வேண்டும் என்று அப்புறம்தான் தெரிந்தது. சேஃப்டி பெல்ட் ஒன்று, கப்பியோடு முக்காலி ஒன்று வாங்கினோம். நினைவு தப்பின ஆளை வெறும் கயிற்றில் ஒருவர் மேலே தூக்க முடியாது. கப்பி வேண்டும். அப்புறம் ஒரு ப்ளோயர். டேபிள் ஃபேனை வாயில் கவிழ்த்து வைத்தால் மேல்காற்று மேலேயே சுற்றும். நான் நாலு இன்ச் பைப்பை அடித்தரை வரை இறக்கி அதில் ப்ளோயரை மாட்டுகிறேன். நல்ல காற்று அடியில் போய் விழுந்து கெட்ட காற்றை மேலே தள்ளும். எங்கள் தொழில் சாமான்தானே, பைப்புக்குப் பஞ்சமில்லை. மீட்டரையும் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் நிறுத்திப் பார்க்கிறோம். ஆள் உள்ளே இருக்கும்வரை ப்ளோயர் நிற்காது.

இப்போது எஸ்டிமேட்டுக்கு வருகிறேன். போன வருடம் ஒரு வீட்டுக்குக் கூலி மட்டும் 64,000 ரூபாய் என்று எழுதிக் கொடுத்தேன். அதில் கடைசி வரி, பாதுகாப்புக்கு 2,500. ப்ளோயர், மீட்டர் செலவில் பங்கு, சம்ப்பு வேலை நடக்கிற அன்றைக்கு மேலே சும்மா நிற்கிற ஆளுக்கு ஒரு நாள் கூலி, கையுறை, கண்ணாடி எல்லாம் அதற்குள் அடக்கம். வீட்டுக்காரர் நல்ல மனிதர், வாத்தியார். காகிதத்தை வாங்கி மேலிருந்து கீழே பார்த்தார். பேனாவை எடுத்தார். மற்ற எந்த வரியையும் தொடவில்லை, நேராகக் கடைசி வரிக்குப் போய்க் கோடு போட்டார். "பாதுகாப்பா வேலை செய்ய வேண்டியது நீங்கதானேங்க? அதுக்கு நான் எதுக்குத் தனியா காசு தரணும்?" என்றார்.

கேள்வி நியாயம்தான். நானும் இரண்டு நாள் யோசித்தேன். முன்பெல்லாம் அந்தச் செலவைத் தனி வரியாக எழுதாமல் கூலிக்குள் சேர்த்துத்தான் பார்த்தேன். அப்போது என்ன ஆகும் என்றால், அடுத்த பிளம்பர் 60,000-க்கு எழுதுவார். நானும் 60,000-க்கு இறங்குவேன். இறங்குகிற அந்த நாலாயிரம் எதிலிருந்து போகும்? பைப் மட்டமாகப் போட்டால் ஒழுகும், வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும். மேலே நிற்கிற ஆளை எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அதனால்தான் தனி வரி. கண்ணுக்குத் தெரிகிற வரியை வெட்டினால், வெட்டுகிறவரும் தெரிந்தே வெட்டுகிறார். வாத்தியாரிடம் இதைச் சொன்னேன். "அப்ப அன்னைக்கு மேல நிக்கிற ஆளை நானும் பார்க்கணும்" என்றார். சரி என்றேன். அன்றைக்கு நாற்காலி போட்டு அவரும் உட்கார்ந்துவிட்டார். டீ வாங்க எங்கள் ஆள் எழுந்தபோது அவரே அதட்டி உட்கார வைத்தார்.

எல்லோரும் வாத்தியார் மாதிரி இல்லை. அந்த வரியால் எனக்குக் கைவிட்டுப்போன வேலைகள் ஏழெட்டு இருக்கும். மறைக்க என்ன இருக்கிறது.

ஏற்காட்டில் வேலை என்றால் அந்த வரி இன்னும் பெரிதாகும். இரண்டு வருடம் முன்பு ஐப்பசி மழையில், காபித் தோட்டத்துக்குள் ஒரு பழைய பங்களாவைத் தங்கும் விடுதியாக மாற்றுகிற வேலை. சரிவில் ஆறடி ஆழத்துக்குக் கழிவுப் பைப் காடி தோண்டியிருந்தார்கள். ஜே.சி.பி. காரர் தோண்டின மண்ணையெல்லாம் காடியின் ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போய்விட்டார். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்குக் குறையாது, மழை குடித்த மண் இன்னும் கனக்கும். நெஞ்சு வரை மூடினால் போதும், தலை வெளியே இருந்தாலும் மூச்சு விட முடியாது. நாங்கள் இறங்க மாட்டோம், மண்ணை மூன்றடி தள்ளிப் போட்டு, பக்கச் சுவருக்குப் பலகை முட்டுக் கொடுத்தால்தான் வேலை என்றோம். சைட் சூப்பர்வைசர் பையன் முறைத்துக்கொண்டே ஆள் கூப்பிட்டான். அன்று ராத்திரி இன்னொரு மழை. காலையில் போய்ப் பார்த்தால் முட்டுக் கொடுக்காத கடைசி பத்தடி தூர்ந்து கிடக்கிறது. எங்கள் ரசமட்டம் அதற்கடியில். அந்தப் பையன் அப்புறம் எங்களுக்கு இஞ்சி டீ வாங்கிக் கொடுத்தான் என்பதையும் சொல்ல வேண்டும்.

மலை மேல் வேலைக்குத் திட்டம் போடும்போது வண்டியும் அதில் சேரும். ஏற்காட்டிலும் அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆனால் பெரிய அடி என்றால் இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கிச் சேலம் வந்தாக வேண்டும். பனி இறங்கிவிட்டால் எதிரே வருகிற வண்டி தெரியாது. தோட்டத்துக்குள் பல இடங்களில் செல்போன் சிக்னலும் கிடையாது. அதனால் எந்த வண்டி, யார் ஓட்டுவார், சாவி எங்கே, சிக்னல் எந்த மேட்டில் கிடைக்கும் என்று காலையிலேயே பேசிவிட்டுத்தான் கையை வைக்கிறோம். பத்து நிமிஷம். பேசினதை நாற்பது பக்க நோட்டில் எழுதிக் கையாளிடமும் கையெழுத்து வாங்குகிறேன். அவன் சிரிப்பான். சிரித்துக்கொண்டே போடட்டும்.

கரண்ட் சமாச்சாரம் சுருக்கமாக. சுவரில் காடி எடுக்கும் முன் மெயினை நிறுத்த வேண்டும், டெஸ்டரில் பார்க்க வேண்டும். எங்கள் ட்ரில்லுக்கே கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. வைத்த ஒரு நீட்டிப்புப் பெட்டி செய்து வைத்திருக்கிறோம், போகிற வீட்டு வயரிங்கை நம்புவதில்லை. ஈரத்தில் நின்று மெஷின் பிடிக்கிற தொழில். பாத்ரூமுக்குள் பைப் ஒட்டும் கம் பூசும்போது கதவைச் சாத்தாதீர்கள், பீடி பற்ற வைக்காதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், இது வீட்டுக்காரர்களுக்கு. "செப்டிக் டேங்க் அடைச்சிருக்கு, ஒரு ஆள் இறங்கினா அஞ்சு நிமிஷ வேலைதானேங்க" என்று பிளம்பரைக் கூப்பிடுகிறீர்கள். நான் வருவதில்லை. 2013-ல் வந்த சட்டப்படி பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் செப்டிக் டேங்கிலோ சாக்கடையிலோ ஆளை இறக்குவது குற்றம். மாநகராட்சிக்கும் கான்ட்ராக்டருக்கும் மட்டுமில்லை, கூப்பிடுகிற வீட்டுக்காரருக்கும் அது பொருந்தும். முதல் தடவைக்கே இரண்டு வருடம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 30 லட்சம் கொடுக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 14420 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் உறிஞ்சும் லாரிக்கு ஏற்பாடு செய்யலாம். லாரி வாடகை அதிகம் என்று என்னிடம் கோபித்துக்கொள்கிறார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

என்னுடைய சக பிளம்பர்களுக்கும் ஒன்று. உங்கள் கையாள் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிந்திருக்கிறானா என்று கேளுங்கள். 18 வயது முடிந்தவனுக்குப் பதியலாம், பிளம்பர் வேலையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. என் தங்கை மகனுக்கு அந்த சம்ப்பு நடந்த பிறகுதான் பதிந்தேன். தங்கை இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

ஆசிரியர் ஐயாவிடம் கேட்பது இதுதான். அடுத்த தடவை இந்த மாதிரிச் செய்தி வரும்போது, தொட்டி எத்தனை நாள் மூடிக் கிடந்தது, மேலே யார் நின்றார்கள் என்று உங்கள் நிருபரை விசாரித்துப் போடச் சொல்லுங்கள். இரண்டு வரி போதும். படிக்கிறவர்களில் யாராவது ஒருவர் மறுநாள் எஸ்டிமேட் வாங்கப்போகிறவராக இருப்பார்.

வருகிற திங்கட்கிழமை கன்னங்குறிச்சியில் ஒரு புது சம்ப்பு திறக்கிறோம். ஒரு மாதமாக மூடிக் கிடக்கிறது. சனிக்கிழமையே மூடியை எடுத்துவிட்டு, குழந்தைகள் விழாதபடி மேலே கம்பி வலையைப் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். எப்படியும் மீட்டரில் பார்த்துத்தான் இறங்குவோம். வீட்டுக்காரர் அந்த வரியை இன்னும் வெட்டவில்லை. மேலே நிற்கப்போவது நான்தான், முட்டி வலி என்பதால் இப்போதெல்லாம் அந்த வேலையை நானே எடுத்துக்கொள்கிறேன். மீட்டர் பேட்டரியை ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சார்ஜ் போட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு பிளம்பர்,
அம்மாபேட்டை, சேலம்.

(பெயர் போட வேண்டாம். வாத்தியார் படித்தால் கண்டுபிடித்துவிடுவார், பரவாயில்லை.)